கீழ்ப்பக்கம் பிடிப்பவள்

அவளுக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. யாருக்கு ஞாபகம் இருக்கிறது? வேலை செய்கிற இடத்தில் எல்லோருக்கும் அவள் 'லிஃப்ட்'. லிஃப்ட் வசதி இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடிக்கு ஒரு இரும்பு பீரோ போக வேண்டும் என்றால், "லிஃப்டக் கூப்பிடு" என்பார்கள். அவள் வருவாள். துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டுவாள். பீரோவைச் சுற்றி ஒரு நடை நடந்து, அதை மேலும் கீழும் முறைப்பாள். பீரோவே கொஞ்சம் பயந்துபோகும் என்று அவள் தம்பி சொல்வான். அப்புறம் போய்க் கீழ்ப்பக்கத்தில் நின்றுகொள்வாள்.

வீடு, அலுவலகம் மாற்றித் தருகிற கம்பெனியில் வேலை. படியில் சாமான் ஏறும்போது இரண்டு பேர் பிடித்தாலும், கனத்தில் முக்கால்வாசி கீழே நிற்பவர் தோளில்தான் இறங்கும். மேல்பக்கம் பிடிப்பவர் வழி சொல்லலாம், நின்று மூச்சு வாங்கலாம், எதிரில் வரும் வீட்டுக்காரரிடம் இரண்டு வார்த்தை பேசவும் செய்யலாம். கீழ்ப்பக்கத்துக்கு அந்தச் சலுகை எதுவும் கிடையாது. அந்தக் கீழ்ப்பக்கத்தை அவள் எந்த ஆண்பிள்ளைக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. மேல்பக்கம் எப்போதும் தம்பி.

அந்தத் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. சாமான் கையில் இருக்கும்போது 'கனக்குது' என்ற வார்த்தையை யாரும் வாயில் எடுக்கக் கூடாது. எடுத்தால் எதிரில் பிடித்திருப்பவன் கையும் தளர்ந்துவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. நம்பிக்கை என்ன, நிஜமாகவே தளரும். ஆகவே மேலே இருப்பவன் "எப்படி இருக்கு?" என்று கேட்டால் கீழே இருப்பவர் சொல்ல வேண்டிய பதில் ஒன்றுதான்: "பஞ்சு." விழி பிதுங்கினாலும் பஞ்சு. முட்டி உதறினாலும் பஞ்சு. அவளுக்கு அது தும்மல் மாதிரி, கேட்ட மாத்திரத்தில் வாயில் வந்துவிடும்.

ஊரெல்லாம் இருமிக்கொண்டிருந்த ஒரு மழைக்காலத்தில் அவளுக்கும் காய்ச்சல் வந்தது. வந்த காய்ச்சலை அவள் மதிக்கவே இல்லை. மாத்திரையைப் போட்டுக்கொண்டு இரண்டு வீடு காலி செய்து கொடுத்தாள். மூன்றாவது வீட்டின் வாசலில் மூச்சு வாங்க நின்றவள் அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள். தம்பி அவளைக் குண்டுக்கட்டாகத் தூக்கி வண்டியில் போட்டான். லிஃப்டை ஒருவர் தூக்கிக்கொண்டு போனது அதுதான் முதல் தடவை. அந்த அவமானத்தில் அவள் வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனாள்.

ஆஸ்பத்திரியில் மூக்கில் ஒரு பஞ்சுக்குச்சியை விட்டுப் பார்த்து, இன்ஃப்ளூயன்சா என்றார்கள். நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, ஆக்ஸிஜன் குறைகிறது என்றார்கள். முகத்தில் குழாய், கையில் ஊசி, பக்கத்தில் கத்துகிற ஒரு மெஷின். அவள் புருஷன் தையல்காரர். ஊசியைவிடக் கனமான எதையும் வாழ்க்கையில் தூக்காதவர். அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பெண்டாட்டி கண் திறக்கும்போதெல்லாம் சிரிக்க முயன்று, முடியாமல் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

சில நாளில் காய்ச்சல் இறங்கியது. ஆக்ஸிஜன் குழாயையும் எடுத்துவிட்டார்கள். அவ்வளவுதான், லிஃப்ட் வேலைக்குக் கிளம்பத் தயாராகிவிட்டாள். முதலாளி வேறு மணிக்கொரு தடவை போன் செய்துகொண்டிருந்தார். ஒரு வக்கீல் அலுவலகம் மொத்தமும் பழைய கட்டடம் ஒன்றின் மேல்மாடிக்குப் போக வேண்டுமாம். குறுகலான படியாம். 'நீ இல்லாம முடியாதும்மா' என்று அவர் சொன்னதைக் கேட்டதும் அவளுக்குப் பாதி உடம்பு சரியாகிவிட்டது. இந்த 'நீ இல்லாம முடியாது' என்ற பேச்சை நம்பி எத்தனை பேர் எழுந்து ஓடியிருக்கிறார்கள்!

காலையில் டாக்டர் வார்டைச் சுற்றி வந்தார். கொஞ்ச வயசுப் பெண், கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கருப்பு.

"இப்ப எப்படி இருக்கும்மா? நெஞ்சுல கனமா, அழுத்தற மாதிரி ஏதாவது இருக்கா?"

"பஞ்சு."

பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்து அவள் அதைச் சொல்லவில்லை. அதுதான் இதில் வேடிக்கை. கனம் என்று ஒருவர் கேட்டார், பஞ்சு என்று வாய் சொன்னது. அவளைக் கேட்காமலே சொன்னது.

"படபடப்பு?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"நாடி கொஞ்சம் வேகமாத்தான் இருக்கு. காய்ச்சல் வந்த உடம்பு, அலுப்பா இருக்கும். சரி, வீட்டுக்குப் போய் நல்லா ரெஸ்ட் எடுங்க" என்று டாக்டர் அடுத்த கட்டிலுக்குத் திரும்பினார்.

கால்மாட்டில் நின்றிருந்த தம்பி கையிலிருந்த டீ பிளாஸ்க்கைக் கீழே வைத்தான். அவனுக்கு அக்காவின் பஞ்சு இரண்டு விதம் தெரியும். சாமான் நிஜமாகவே லேசாக இருந்தால், 'பஞ்சுடா தம்பி, நீ போ' என்று இழுத்துச் சொல்வாள். தோள் நசுங்கும்போது மட்டும்தான் அந்த ஒற்றை வார்த்தை, மூச்சு கலக்காமல், பல்லுக்கு நடுவிலிருந்து வரும். இப்போது வந்தது அது.

"டாக்டர், நில்லுங்க. அக்கா சொல்றத நம்பாதீங்க."

"டேய்!" என்றாள் அவள்.

"நீ சும்மா இருக்கா. டாக்டர், எங்க வேலையில கனம்னு யாரும் சொல்ல மாட்டோம். உயிர் போற கனமா இருந்தாலும் பஞ்சுன்னுதான் சொல்லுவோம். இப்ப அக்கா சொன்னது அந்தப் பஞ்சு."

வேறு யாராவதாக இருந்தால் சிரித்திருப்பார்கள். இந்த டாக்டர் சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு கட்டிலருகே உட்கார்ந்தார்.

"அப்ப நான் வேற மாதிரி கேக்கறேன். இப்ப உங்க நெஞ்சு மேல ஒரு சாமான் இருக்குன்னு வச்சுக்குங்க. என்ன சாமான் அது?"

அவள் தம்பியைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். சாமான் என்று கேட்டால் அவளுக்குத் தப்பாகச் சொல்லத் தெரியாது.

"வாஷிங் மெஷின்."

"எப்பலேருந்து?"

"முந்தாநாள்லேருந்து. படுத்தா அது கழுத்துப் பக்கமா நகருது."

தையல்காரர் வாய்விட்டு அழுதேவிட்டார்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. நெஞ்சில் ஒயர் ஒட்டி ஈ.சி.ஜி. எடுத்தார்கள். ரத்தம் எடுத்துப்போனார்கள். குளிர்ந்த களிம்பைத் தடவி, திரையில் அவள் இதயத்தை அவளுக்கே காட்டினார்கள். இருட்டில் ஒரு முஷ்டி மூடி மூடித் திறப்பது போல இருந்தது. முழுசாக மூடாமல் பாதியில் திறந்துகொண்டிருந்தது என்பது அவளுக்கே தெரிந்தது. சாயங்காலம் டாக்டர் வந்து உட்கார்ந்து, கிளிப்பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார்.

"காய்ச்சல் நுரையீரலோட நிக்கலம்மா. இதயத்தோட தசையிலயும் வீக்கம் வந்திருக்கு. அந்தத் தசை அடிபட்டா ரத்தத்துல ட்ரோபோனின்னு ஒண்ணு கசியும். உங்களுக்கு நிறையவே கசிஞ்சிருக்கு. ரத்தக்குழாய்ல அடைப்பு இல்ல, அது நல்ல சேதி. ஆனா இதயம் காயம்பட்டுத்தான் இருக்கு."

"ஜுரத்துக்கும் இதயத்துக்கும் என்ன டாக்டர் சம்பந்தம்?"

"உங்கள மாதிரி கடுமையா ஃப்ளூ வந்து ஆஸ்பத்திரியில படுக்கறவங்கள்ல சில பேருக்கு இப்படி ஆகும். இருமல்தானே, அசதிதானேன்னு விட்டுட்டா தெரியாமலே போயிடும்."

"ஆறுமா?"

"நிறையப் பேருக்கு ஆறிடும். மருந்து தரேன். ஆனா ஆறுற வரைக்கும் அதுக்கு வேலை குடுக்கக் கூடாது. ஆறு மாசத்துக்குக் கனம் தூக்கக் கூடாது. ஒரு வாளித் தண்ணிகூடக் கூடாது."

"தூக்கினா?"

டாக்டர் ஒளிக்கவில்லை. "துடிப்பு தாறுமாறாப் போயி நின்னுடலாம். படியிலயே."

அன்றைக்கு அவள் யாரோடும் பேசவில்லை. தம்பியோடு அதற்கு அடுத்த நாளும் பேசவில்லை. காட்டிக்கொடுத்த பயல்! இவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்நேரம் வக்கீல் அலுவலகப் படியில் நின்றிருப்பாள். நின்றிருப்பாள், சரி, அப்புறம்? அந்த 'அப்புறம்' வரும்போதெல்லாம் அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பயமாக இருந்தது. இரும்புப் பெட்டிக்குப் பயப்படாதவள், தன் விலா எலும்புக்குள் இருக்கிற ஒரு கைப்பிடிச் சதைக்குப் பயந்தாள். பயப்பட வைத்ததற்காக அதன் மேலேயே ஆத்திரமும் பட்டாள்.

தம்பி டீயை ஊற்றி வைத்துவிட்டுச் சொன்னான். "கீழ நிக்கிறவங்களுக்கு மேல இருக்கிறவன் மூஞ்சி தெரியாதுக்கா. சாமான் மறைக்கும். ஆனா மேல இருக்கிறவனுக்கு உன் மூஞ்சி நல்லாத் தெரியும். இத்தனை வருஷமா அதப் பாத்துக்கிட்டேதான் ஏறியிருக்கேன். திட்டறதுன்னா திட்டு."

அவள் திட்டவில்லை. டீயை எடுத்துக் குடித்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் நிஜமான சண்டை ஆரம்பித்தது. கை உடைந்தால் கட்டுப் போடுவார்கள், ஊர் பார்க்கும், பாவம் என்னும். இதயத்துக்குக் கட்டுப் போட முடியுமா? பார்க்க அவள் பழைய மாதிரிதான் இருந்தாள், அதே தோள், அதே கை. அந்தத் தோளையும் கையையும் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் பார்க்கிறவர்கள் சும்மா விடுவார்களா?

புருஷன் தண்ணீர் வாளியைத் தூக்கினார். குழாயடியிலிருந்து சமையலறைக்கு வருவதற்குள் பாதி தரையில், பாதி அவர் வேட்டியில். அவளுக்குக் கை துறுதுறுத்தது. எழுந்து பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "வாளியைப் பாதி நிரப்புங்க, ரெண்டு தடவையா வாங்க. யாரும் உங்களத் துரத்தல" என்றாள். அவர் அப்படியே செய்தார். ஒரு மாதத்தில் சிந்தாமல் கொண்டுவரக் கற்றுக்கொண்டு, அதற்குப் பாராட்டும் எதிர்பார்த்தார்.

எதிர்வீட்டு அம்மாள் வாசலில் நின்றபடியே நலம் விசாரித்தாள். "ஜுரம்தானேம்மா? நாங்கல்லாம் பாக்காத ஜுரமா? அதுக்கு இப்படியா உக்காந்துடறது? புருஷன வேல வாங்கிக்கிட்டு!"

"நீங்க பாத்த ஜுரம் நெஞ்சுக்குள்ள போகல. போயிருந்தா நீங்களும் எனக்குப் பக்கத்துல ஒரு நாற்காலி போட்டிருப்பீங்க" என்றாள் லிஃப்ட். அந்த அம்மாள் அதற்கப்புறம் ஜன்னல் பக்கமே வரவில்லை.

முதல் சில வாரம் அவளுக்கு உட்காருவது தண்டனையாக இருந்தது. அப்புறம் ஒரு வீம்பு வந்தது. எழுந்திரு, எழுந்திரு என்று ஊரே சொல்லச் சொல்ல, உட்கார்ந்திருப்பதில் ஒரு ருசி கண்டுகொண்டாள். அவளை அசைத்துவிடலாம் என்று நினைக்கிறார்களா? கீழ்ப்பக்கம் நின்றவளை எவன் அசைத்தான்? மாத்திரையை வேளை தவறாமல் விழுங்கினாள். டாக்டர் நடக்கச் சொன்ன தூரம் நடந்தாள், அதற்கு மேல் ஒரு அடி வைக்கவில்லை. நடுவில் ஒரு தடவை திரையில் பார்த்தபோது முஷ்டி முன்னைவிட நன்றாக மூடியது. "ஆறிக்கிட்டு வருது. இன்னும் ஆறல" என்றார் டாக்டர். "அவசரப்படாதீங்க."

அவசரப்படுத்த முதலாளி வந்து சேர்ந்தார். வக்கீல் தன் இடமாற்றத்தைத் தள்ளித் தள்ளிப் போட்டு, இப்போது நாள் குறித்துவிட்டாராம்.

"உன்ன யாரு தூக்கச் சொன்னா? ஒரு நாற்காலி போட்டுத் தரேன். உக்காந்து வழி மட்டும் சொல்லு. புது ஆள் ஒருத்தன், அவனுக்கு ஒரு மண்ணும் தெரியல."

"போகாதம்மா" என்றார் தையல்காரர்.

போயிருக்கக் கூடாதுதான். ஆனால் வண்டிச் சத்தமும் கயிற்று வாசனையும் கூப்பிட்டால் எவ்வளவு நேரம் காது கேட்காத மாதிரி இருப்பது? வழி சொல்லத்தானே என்று போனாள்.

கட்டடம் நிஜமாகவே பழசு. இரண்டு ஆள் ஒட்டி நின்றாலே நிறைந்துவிடுகிற படி, ஒவ்வொரு மாடிக்கும் நடுவில் ஒரு வளைவு. முதல் வளைவுக்கு ஏழெட்டுப் படி கீழே, படி தொடங்கும் இடத்தில் ஓரமாக, முதலாளி பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கொடுத்தார். அவளுக்குப் பக்கத்திலேயே போனும் கையுமாக நின்றுகொண்டார். மர அலமாரிகளும் மேஜைகளும் ஏறின. அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே "இடது பக்கம் சாய்ங்க... நில்லு... இப்பத் திருப்பு" என்று சொல்லச் சொல்லச் சுவரில் ஒரு கீறல் விழாமல் போயின. அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

கடைசியாக வந்தது வக்கீலின் இரும்பு பீரோ. கீழ்ப்பக்கம் தம்பி, மேல்பக்கம் புது ஆள். வளைவில் திருப்பும்போது புது ஆளின் வியர்த்த கை வழுக்கியது. பீரோ ஒரு சாண் கீழே இறங்கித் தம்பியைச் சுவரோடு வைத்து அழுத்தியது. மேலே இருந்தவன் எட்டி விளிம்பைப் பிடித்துவிட்டான். பிடித்துக்கொண்டு நிற்க முடிந்ததே தவிர, இழுக்க முடியவில்லை. தம்பியின் ஒரு கால் படியில், ஒரு கால் அந்தரத்தில். கழுத்து நரம்பு புடைத்தது. அவன் சத்தம் போடவில்லை. அந்தத் தொழிலில் யாரும் சத்தம் போட மாட்டார்கள்.

"லிஃப்ட்! எழுந்திரு! போய் ஒரு கை குடு!" என்று முதலாளி கத்தினார்.

அவள் எழுந்தேவிட்டாள். ஏழெட்டுப் படிதான். தோளை அடியில் கொடுத்து ஒரு உந்து உந்தினால் போதும், அவன் வெளியே வந்துவிடுவான். ஆயிரம் தடவை செய்த வேலை. கால் தானாக முதல் படியில் ஏறியது. அப்போது நெஞ்சு ஒரு துடிப்பைத் தவறவிட்டு, அடுத்ததை ஓங்கி அடித்தது.

படியிலயே, என்று சொல்லியிருந்தார் அந்த டாக்டர்.

சாவுக்குப் பயந்து அவள் நிற்கவில்லை. தம்பிக்காக அவள் செத்திருப்பாள், அதில் சந்தேகமே கிடையாது. ஆனால் தோளைக் கொடுத்த நேரத்தில் நெஞ்சு நின்றுபோனால்? அவன் மேல் பீரோவும் இறங்கும், அக்காவும் விழுவாள். காயம்பட்ட இதயத்தோடு கீழே போய் நிற்பது உதவியா, இன்னொரு கனத்தைக் கொண்டுபோய் அவன் மேல் வைப்பதா? காலைப் பின்னுக்கு இழுத்தாள். வாழ்க்கையில் அவள் செய்த வேலைகளிலேயே கனமான வேலை அந்தக் காலைப் பின்னுக்கு இழுத்ததுதான். நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, அதன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க போங்க" என்றாள்.

முதலாளி பின்னால் திரும்பிப் பார்த்தார், வேறு யாராவது நிற்கிறார்களா என்று. "நானா?"

"நீங்கதான்! ரெண்டு கை இருக்குல்ல? போனக் கீழ வைங்க. செருப்பக் கழட்டுங்க. ம், ஏறுங்க!"

அவள் அப்படி ஒரு குரலில் யாரிடமும் பேசியதில்லை. முதலாளி போனை வைத்தார், செருப்பைக் கழற்றினார், ஏறினார்.

"முதுக வளைக்காதீங்க, முட்டிய மடக்குங்க. அவனுக்கு வலது பக்கமா போங்க. தோள அடியில குடுங்க. கையால இல்ல, தோள! தம்பி, நீ அப்படியே நில்லு, ஆடாத. மேல இருக்கிறவனே, நான் சொன்னதும் உன் பக்கம் இழு. முதலாளி, மூச்ச இழுத்துப் பிடிங்க. இப்ப எந்திரிங்க. எந்திரிங்கன்னா எந்திரிங்க!"

முதலாளி எழுந்தார். எப்படி எழுந்தார் என்று அவருக்கே தெரியாது. முகம் செங்கல் நிறமாகி, வாயிலிருந்து இதுவரை யாரும் கேட்டிராத ஒரு சத்தம் வந்தது. ஒரு சாண் இறங்கிய பீரோ ஒரு சாண் ஏறியது. தம்பி காலை ஊன்றினான், மூன்று பேருமாகச் சேர்ந்து வளைவின் தட்டில் பீரோவைத் தள்ளி நிறுத்தினார்கள். தம்பி சட்டையைத் தூக்கி விலாவைத் தடவிப் பார்த்துக்கொண்டான். தோல் சிராய்த்திருந்தது, வேறொன்றுமில்லை. அக்காவைப் பார்த்துத் தலையை ஆட்டினான். அவளும் ஆட்டினாள்.

முதலாளி படியில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்திருந்தார். பேச மூச்சு வந்ததும் முதலில் கோபம்தான் வந்தது.

"கூடப் பொறந்தவன் நசுங்கறான், நீ பாத்துக்கிட்டு உக்காந்திருக்க!"

"ஆமா, உக்காந்துதான் இருந்தேன்" என்றாள் அவள். "இன்னும் மூணு மாசம் உக்காந்துதான் இருப்பேன். நெஞ்சு ஆறலேன்னா அதுக்கப்புறமும் உக்காந்திருப்பேன். வெளியில தெரியலேங்கறதால காயம் இல்லேன்னு ஆயிடாது முதலாளி. நான் ஒருத்தி கீழ நிப்பேன்னு நம்பி, மூணு பேர் தூக்கற சாமானுக்கு ரெண்டு பேரையே அனுப்பிப் பழகிட்டீங்க. என் நெஞ்சு எனக்கு வேணும். இனிமே மூணு ஆள் போடுங்க. வழி சொல்ல நான் வரேன். தூக்கறதுக்குக் கூப்பிட்டா வர மாட்டேன். யாருக்கு வேணா சொல்லிக்குங்க."

முதலாளி சட்டை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். புது ஆள் மேலேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்துப் பார்த்தாள். வேகமாகத்தான் அடித்தது, ஆனால் ஒழுங்காக அடித்தது. நாற்காலியில் இன்னும் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"எந்திரிங்க முதலாளி" என்றாள். "இன்னும் ரெண்டு மாடி இருக்கு."